கைக்கு வராத கத்தி

பொன்முடி மலையிலிருந்து இறங்கும் சாலையில் ஒரு கம்பளிச் சால்வை என் அக்காவின் கழுத்தை இறுக்கிக்கொண்டிருந்தபோது எங்களிடம் இரண்டு மடக்குக் கத்திகள் இருந்தன. ஒன்றின் விலை நாலாயிரத்து எழுநூறு ரூபாய். மற்றது எண்பது. விலை கூடியது அத்திம்பேரின் இடுப்பில் தோல் உறைக்குள் இருந்தது. எண்பது ரூபாய்க் கத்தி என் ஸ்கூட்டரில் தொங்கிய துணிப்பைக்குள் மாங்காய்த் தோலோடு கிடந்தது. இரண்டும் நன்றாக வெட்டும். அதை நாங்கள் முன்பே சோதித்துப் பார்த்திருந்தோம்.

அந்தச் சோதனை நடந்தது கரமனையில், அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேஜையில். அதற்கும் முன்பு நடந்ததைச் சொல்ல வேண்டும். கத்தி வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் யாரும் யாரிடமும் சாதாரணமாகப் பேசவில்லை.

அத்திம்பேர், அதாவது அக்காவின் கணவர், ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறார். எதையும் அவசரப்பட்டு வாங்குகிறவர் அல்ல. சட்டைத் துணி எடுக்கவே மூன்று கடை ஏறி இறங்குவார். அவர் பல மாதங்களாக இரவுச் சாப்பாட்டுக்குப் பின் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு கைபேசியில் கத்தி வீடியோக்களைப் பார்த்துவந்தார் என்பது அக்காவுக்குத் தெரியும். பார்ப்பதோடு நிற்கும் என்று நினைத்திருந்தாள். பார்சல் வந்தபோதுதான் நிற்கவில்லை என்று தெரிந்தது. நான் அன்று அங்கே இருந்தேன்.

"நாலாயிரத்து எழுநூறு. ஒரு கத்திக்கு," என்றாள் அக்கா. பெட்டியின் மேல் ஒட்டியிருந்த சீட்டைப் படித்துவிட்டு, இன்னொரு தடவையும் படித்தாள். "நம்மாத்து அரிவாள்மணையோட வெலை தெரியுமோ உங்களுக்கு?"

"அரிவாள்மணையை பாக்கெட்ல வச்சுண்டு போக முடியுமோ?"

"நீங்க எங்க போறேள்? ஆத்துலேர்ந்து ஆபீஸ். ஆபீஸ்லேர்ந்து ஆம். நடுவுல யார் உங்களை வெட்ட வரா?"

"எமர்ஜென்சின்னு ஒண்ணு இருக்கு, கேட்டியோ?"

"இருக்கு இருக்கு. கோவில்ல சத்தி விருந்துக்கு எலை நறுக்கறதுதான் உங்க எமர்ஜென்சி. வெறுதே பைசாவைக் களைஞ்சுட்டு வந்து நிக்கறேள்."

அவர் கத்தியை மேஜைமேல் வைத்தார். நான் எடுத்துப் பார்த்தேன். பார்த்துவிட்டு மேஜைமேல் வைத்தேன். அவர் எடுத்துக்கொண்டார். எங்கள் வீடுகளில் கத்தியையும் கத்தரிக்கோலையும் கைக்குக் கை கொடுப்பதில்லை. கீழே வைப்போம்; வேண்டியவர் எடுத்துக்கொள்வார். உப்புக்கும் மிளகாய்க்கும் இதே முறைதான். கைமாறினால் சண்டை வரும் என்பார்கள். யாரும் நம்பிச் செய்வதாகத் தெரியவில்லை. நடக்கும்போது இடக்கால் எப்போது முன்னே போகிறது என்று யோசிக்காததுபோல, இதையும் யோசிப்பதில்லை. அன்று கத்தி யார் கையிலிருந்தும் யார் கைக்கும் போகவில்லை. சண்டை அதற்கு முன்பே வந்துவிட்டிருந்தது.

கத்தி அழகாக இருந்தது என்பதையும் எழுதிவிட வேண்டும். சாம்பல் நிற உலோகப் பிடி. கட்டைவிரலால் ஒரு குமிழைத் தள்ளினால் அலகு வெளியே வந்து, 'டக்' என்று பூட்டிக்கொள்ளும். பிடியின் உள்பக்கத்தில் இருக்கும் பட்டையை அழுத்தினால்தான் மறுபடி மடங்கும். நான் நாலைந்து தடவை திறந்து மூடினேன். அக்கா என்னை முறைத்தாள்.

அடுத்த சனிக்கிழமை அவள் என்னைச் சாலை என்னும் கடைத்தெருவுக்கு இழுத்துப்போனாள். ஆணி, கீல், தாழ்ப்பாள், கயிறு எல்லாம் விற்கும் கடை. கல்லாவில் இருந்தவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், பேச்சில் தெரிந்தது.

"மடக்குக் கத்தி இருக்கா?"

"இருக்கு. என்னத்துக்குக்கா?"

"என் ஆத்துக்காரரை ஜெயிக்கறதுக்கு."

அவர் சிரிக்கவில்லை. "அதுக்கு எம்பது ரூவாக் கத்தி போதும்க்கா," என்று ஓர் அட்டையிலிருந்து கழற்றி எடுத்துக் கண்ணாடிமேல் வைத்தார். மரம்போலத் தெரியும் பிளாஸ்டிக் பிடி, பித்தளைப் பூண், ஒரே ஒரு ஆணி. நகத்தால் இழுத்துத் திறக்க வேண்டும். திறந்த பிறகு அலகு லேசாக ஆடியது.

"லாக் கிடையாதா?" என்று கேட்டேன்.

"லாக்கெல்லாம் வீட்டுக் கதவுக்குப் போடுங்க. இது பிச்சாத்திக் கத்தி. வெட்டும். வேற என்ன வேணும்?"

அக்கா அன்று மாலை ஓர் ஆப்பிள், ஒரு காகிதம், கயிற்றுத் துண்டு ஒன்று, மூன்றையும் மேஜைமேல் வைத்து அத்திம்பேரைக் கூப்பிட்டாள். இரண்டு கத்தியும் மூன்றையும் வெட்டின. எண்பது ரூபாய்க் கத்தி ஆப்பிளைச் சற்று மெல்லிசாகவே வெட்டியது. அக்கா ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

"வெட்டறது எல்லாக் கத்தியும் வெட்டும்," என்றார் அவர். "வெட்டக் கூடாத நேரத்துல வெட்டாம இருக்கணும். பைசா அதுக்குத்தான்."

"இது அந்தத் தாடிக்காரன் வசனம்தானே?"

கைபேசியில் கத்தி காட்டுகிறவர்களில் ஒருவருக்குத் தாடி உண்டு. அத்திம்பேர் எழுந்து உள்ளே போய்விட்டார்.

பொன்முடிக்குப் போகலாம் என்று சொன்னது நான். ஒரு விடுமுறை நாள். இரண்டு பேரையும் வீட்டைவிட்டு வெளியே கொண்டுவந்தால் சரியாகும் என்று நினைத்தேன். அத்திம்பேரின் பைக்கில் அவர்கள் இருவர், என் ஸ்கூட்டரில் நான். விதுரா தாண்டிக் கல்லாறு வரும்வரை வெயில். அதன்பின் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கியதும் மூடுபனி இறங்கிவிட்டது. பேருந்து ஒன்று எதிரே வந்தது. அதற்குப் பிறகு வெகு நேரம் வேறு வண்டி இல்லை.

மேலே புல்மேட்டில் உட்கார்ந்தோம். கட்டுச்சாதம் தீர்ந்ததும் நான் கொண்டுவந்திருந்த மாங்காயை எடுத்தேன். அக்கா அத்திம்பேரைப் பார்த்து, "வையுங்கோ, உங்க நாலாயிரத்து எழுநூறை," என்றாள்.

அவர் உறையின் மேல் கையை வைத்துக்கொண்டார். "மாங்காய்க்கு வேண்டாம். புளிப்பு பட்டாக் கறை பிடிக்கும்."

"கறை பிடிக்குமா?"

"நல்ல இரும்புக்கு அப்படித்தான்."

"பாத்தியாடி. ஆறு நாள் கொஞ்சி வச்ச கொழந்தை, மாங்காயைக் கண்டா ஆகாதாம்." அவள் துணிப்பைக்குள் கையை விட்டுத் தன் கத்தியை எடுத்தாள். "எங்கிட்ட இருக்கறது எம்பது ரூபாய். கறை இதுக்கு இனாம்." மாங்காயைக் கீற்றுக் கீற்றாக வெட்டி, உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவி இலையில் வைத்தாள். அவருக்கு முன்னால் வைக்காமல் எனக்கு முன்னால் வைத்தாள். "மாங்காய்க்கு வேண்டாம், ஒண்ணுக்கும் வேண்டாம். அப்போ இதை எதுக்கு வாங்கினேள்? பூவைப் போட்டுப் பூஜை பண்றதுக்கா?"

அத்திம்பேர் ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். மாங்காயை அவர் தொடவில்லை.

தூறல் விழத் தொடங்கியது. அக்கா வடநாட்டுப் பயணத்தில் வாங்கிய கம்பளிச் சால்வையைப் பையிலிருந்து எடுத்தாள். கனமான சால்வை, இரண்டு ஓரத்திலும் குஞ்சம். கழுத்தை ஒரு சுற்றுச் சுற்றி, மிச்சத்தைத் தோளுக்குப் பின்னால் வீசினாள். வீசிய வேகத்தில் கோபம் இருந்தது.

"நான் இவளோட வரேன்," என்றாள்.

"எறக்கத்துல பின்னாடி ஆள் வச்சு ஓட்டி அவளுக்குப் பழக்கமில்லை. ஏறு."

ஏறினாள். ஏறும்போது அவர் தோளைப் பிடிக்கவில்லை. இருக்கைக்குப் பின்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவரிடமிருந்து முடிந்த அளவு தள்ளி, வழக்கம்போல இடப்பக்கம் கால் போட்டு உட்கார்ந்தாள்.

பைக்கின் இடப்பக்கம் பின்சக்கரத்தை மறைத்து ஒரு கம்பி வலை உண்டு. ஒருபுறமாக உட்காரும் பெண்களின் புடவை சிக்காமல் இருக்க வைத்தது. புடவை காலின் பக்கம்தான் தொங்கும் என்று வண்டி செய்கிறவர்கள் கணக்குப் போட்டிருக்கிறார்கள். சால்வை முதுகின் பக்கம் தொங்கியது. அக்காவின் முதுகு வலப்பக்கம் இருந்தது. அங்கே வலை கிடையாது. சக்கரத்தின் கம்பிகள் திறந்தபடி சுற்றிக்கொண்டிருந்தன.

நான் கொஞ்ச தூரம் பின்னால் வந்தேன். ஒரு வளைவு திரும்பியதும் சால்வையின் குஞ்சம் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஆடுவதைப் பார்த்தேன். ஹார்ன் அடித்தேன். அத்திம்பேர் நான் முந்தப் பார்க்கிறேன் என்று நினைத்து, வேகத்தைக் குறைத்து, இடப்பக்கச் சுவரை ஒட்டி ஒதுங்கினார். மறுபடியும் அடித்தேன். அவர் கையை ஆட்டிப் போகச் சொன்னார். குஞ்சம் ஒரு தடவை மேலே எழும்பி, உள்ளே போனது.

அக்கா அலறவில்லை. அலற அவகாசம் இல்லை. பின்னாலிருந்து யாரோ இழுத்ததுபோல வலப்பக்கம் மல்லாக்கச் சரிந்தாள். ஹெல்மெட் சாலையில் மோதிய சத்தம் கேட்டது. பைக் இரண்டு அடி இழுபட்டு, எஞ்சின் அணைந்து நின்றது.

நான் ஸ்கூட்டரை எப்படி நிறுத்தினேன் என்று நினைவில்லை. நின்றதும் பார்த்தது நினைவிருக்கிறது. அக்காவின் தலை பின்சக்கரத்தின் ஓரத்தில் இருந்தது. சால்வை சக்கரத்தின் நடுவில் கயிறுபோல முறுக்கிச் சுற்றியிருந்தது. அவள் கழுத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஒரு சாண் துணிதான் வெளியே தெரிந்தது. அது தட்டினால் ஒலிக்கும் அளவுக்கு விறைத்திருந்தது. அவளுடைய இடக்கையின் இரண்டு விரல்கள் துணிக்கும் தொண்டைக்கும் இடையே மாட்டியிருந்தன. எப்படி அவ்வளவு விரைவில் நுழைத்தாள் என்று தெரியவில்லை. அந்த விரல்களின் பருமன் அளவுக்குத்தான் அவளுக்கு மூச்சு இருந்தது.

பைக் அவள்மேல் சாயப் பார்த்தது. அத்திம்பேர் வலக்காலை ஊன்றி, இடுப்பால் முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்தார். வலக்கை முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்திருந்தது. சாலை இறக்கம். பிரேக்கை விட்டால் வண்டி உருளும். ஒரு விரற்கடை உருண்டாலும் சக்கரம் இன்னும் சுற்றும், துணி இன்னும் இறுகும். அவரால் இறங்கவும் முடியாது, திரும்பிப் பார்க்கவும் முடியாது.

"என்ன ஆச்சு? என்ன ஆச்சு சொல்லு!"

"சால்வை. கழுத்துல. வண்டியை விட்டுடாதீங்கோ."

சக்கரத்தைப் பின்னோக்கித் தள்ளிப் பார்த்தேன். அசையவில்லை. அக்காவின் தோளுக்கடியில் கைகொடுத்துச் சக்கரத்தை நோக்கித் தூக்கினேன். துணி இம்மி தளர்ந்தது. அவள் உள்ளே இழுத்த மூச்சு விசில்போலக் கேட்டது. நான் கையை எடுத்தால் அதுவும் நிற்கும்.

"கத்தி," என்றேன். "அத்திம்பேர், கத்தி."

"இடுப்புல இருக்கு. இடது பக்கம். இந்தப் பக்கம் வா."

இடப்பக்கம் போக வேண்டுமானால் அக்காவை விட வேண்டும். என் ஹெல்மெட்டைக் கழற்றி அவள் தோளுக்கடியில் செருகினேன். அது முழுதாகத் தாங்கவில்லை. விசில் சத்தம் மெலிந்தது. அவள் கண்கள் என்னைத் தொடர்ந்து வந்தன. பைக்கைச் சுற்றி ஓடினேன். பைக்குக்கும் சுவருக்கும் இடையில் ஓர் ஆள் ஒடுங்கி நிற்கும் அளவு இடம். இடுப்பளவு கைப்பிடிச் சுவர், மேல் விளிம்பு வளைவாகப் பூசியது, பாசி பிடித்தது. அதற்கு அப்பால் பனியைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

அத்திம்பேர் இடக்கையால் உறையைத் திறந்து கத்தியை எடுத்துவிட்டிருந்தார். நான் கையை நீட்டினேன். அவர் கை என் கையை நோக்கி வந்தது. பாதி வழியில் திரும்பியது. கத்தியைச் சுவரின்மேல் வைத்தார். நானும் நீட்டிய கையை இழுத்துக்கொண்டு, அவர் வைத்து முடிக்கட்டும் என்று நின்றேன். ஒரு நொடிகூட இருக்காது. அவர் விரல்கள் விலகியதும் கத்தி பாசியில் வழுக்கியது. நான் பாய்ந்தேன். என் நகம் உலோகத்தில் பட்டது. கீழே பாறையில் ஒரு சத்தம், பிறகு இலைகளில் ஒரு சலசலப்பு.

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவர் வாய் திறந்திருந்தது.

"எம்பது ரூபாய்," என்றார். "பையில. ஓடு."

துணிப்பை ஸ்கூட்டரின் முன்கொக்கியில் தொங்கியது. அதைத் தலைகீழாகச் சாலையில் கொட்டினேன். டப்பாக்கள் உருண்டன. மாங்காய்த் தோலுக்கு நடுவே கத்தி கிடந்தது. மாங்காய்ப் பால் காய்ந்து அலகு பிடியோடு ஒட்டியிருந்தது. நகத்தால் இழுத்தேன். நகம் மடிந்தது. பல்லால் கடித்து இழுத்தேன். புளிப்பும் இரும்பும் நாக்கில் பட்டன. திறந்தது.

"கெடச்சுதா?" என்று கத்தினார் அத்திம்பேர். "சத்தமே கேக்கலையே. அவ சத்தமே கேக்கலையே!"

விசில் நின்றிருந்தது. அக்காவின் உதடுகள் நிறம் மாறியிருந்தன. விரல்கள் இன்னும் துணிக்கு அடியிலேதான் இருந்தன. ஆனால் அவை இப்போது இழுக்கவில்லை. கூர் கழுத்தின் பக்கம் வராதபடி, அலகைத் துணிக்கு அடியில் நுழைத்துச் சக்கரத்தை நோக்கி வெட்டினேன். கம்பளி வெட்டுப்பட்டது. எண்பது ரூபாய்க் கத்தியின் மேல் எந்தக் குறையும் சொல்ல முடியாது. இழை இழையாக விட்டுக்கொடுத்தது. பாதிக்கு மேல் போனபோது நுனி சக்கரத்தின் கம்பியில் இடித்தது. அலகு மடங்கியது. நடுவில் என் சுட்டுவிரல் இருந்தது.

வலி பிறகுதான் வந்தது. முதலில் தெரிந்தது, பிடி வழுக்குகிறது என்பது மட்டுமே. கத்தியைத் திறந்தேன். மறுபடி வெட்டினேன், மறுபடி மடங்கியது. மூன்றாம் தடவை பிடியை விட்டுவிட்டேன். அலகையே கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே சவரத் தகடுபோலப் பிடித்து இழுத்தேன். கடைசியாக நின்றது சால்வையின் ஓரக்கரை. அது தடித்த நெசவு. அதை அறுத்து முடித்தபோது அக்காவின் தோள்கள் ஹெல்மெட்டின் மேல் விழுந்தன.

உடனே ஒன்றும் நடக்கவில்லை. கழுத்தில் மிச்சமிருந்த சுற்றைப் பிரித்தேன். அத்திம்பேர் "சொல்லு, சொல்லு" என்றபடியே இருந்தார். பிறகு அவள் மார்பு ஒரு தடவை தூக்கிப்போட்டது. இருமினாள். இருமல் நிற்காமல் வந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அத்திம்பேர் பைக்கை எதிர்ப்பக்கம் தள்ளிச் சுவரில் சாய்த்துவிட்டு, சாலையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மேலே ஏறி வந்த எஸ்டேட் ஜீப் எங்களைக் கண்டு நின்றது. ஓட்டுநர் இறங்கி வந்து முதலில் என் கையைத்தான் பார்த்து, என்ன ஆயிற்று, யார் வெட்டியது என்று மலையாளத்தில் கேட்டார். "எந்து பற்றி சேச்சி? ஆரா வெட்டியது?"

"ஷால் குடுங்கி," என்று அத்திம்பேர் சக்கரத்தில் சிக்கியிருந்த சால்வைத் துண்டையும் அக்காவையும் காட்டினார். "கழுத்தில்."

"ஈஸ்வரா. கேறு, கேறு. எல்லாரும் கேறு."

ஜீப்பைத் திருப்பினார். ஏறுவதற்கு முன் அத்திம்பேர் ஒரே ஒரு தடவை கைப்பிடிச் சுவரைத் தாண்டி எட்டிப் பார்த்தார். அக்கா என் மடியில் தலைவைத்துப் படுத்திருந்தாள். பேச முடியவில்லை. கையை நீட்டி அவர் இடுப்பில் காலியாகத் தொங்கிய உறையைத் தொட்டாள். கேள்வியாகப் பார்த்தாள்.

"போச்சு," என்றார்.

அவள் சிரிக்க முயன்றாள் என்றுதான் நினைக்கிறேன். அது இருமலாக முடிந்தது.

ஆஸ்பத்திரியில் என் விரலுக்குத் தையல் போட்டார்கள். அக்காவுக்கு எலும்பு எதுவும் முறியவில்லை என்றார் டாக்டர். ஆனால் தொண்டைக்குள் வீக்கம் உடனே தெரியாது, சில மணி நேரம் கழித்தும் ஏறலாம், அப்படி ஏறினால் மூச்சுக்குழாயை அடைக்கும், அதுவரை அனுப்ப முடியாது என்றார். நாங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். கதவு திறக்கும்போதெல்லாம் அத்திம்பேர் எழுந்து நின்றார். யாராவது வேறு பெயரைக் கூப்பிட்டதும் உட்கார்ந்தார்.

"கையிலதான் குடுக்க வந்தேன்," என்றார் ஒரு தடவை. இடக்கையை நீட்டிக் காட்டினார். "இவ்வளவு தூரம் வந்துட்டேன். அப்புறம் கை தானாப் போயிடுத்து."

"நானும் இழுத்துண்டுட்டேன், அத்திம்பேர்."

"நீ இழுத்துண்டியா?"

"ஆமாம்."

"அப்போ ரெண்டு பேருமா சேர்ந்துதான்," என்றார். பக்கத்தில் தண்ணீர் பாட்டில் இருந்தது. எடுத்து எனக்கு நீட்டினார். நான் வாங்கும்வரை விடவில்லை.

மாலையில் டாக்டர் வந்து, வீக்கம் ஏறவில்லை, இன்னும் ஒரு நாள் வைத்துப் பார்ப்போம் என்றார். குரல் திரும்ப நாளாகும், பழையபடி திரும்புமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார். அத்திம்பேர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார்.

எனக்குப் பத்திரிகை அலுவலகத்தில் வேலை. பிறர் எழுதும் செய்திகளைத் திருத்துவது. கட்டுப்போட்ட விரலோடு தட்டச்சு செய்வதைப் பார்த்தவர்கள் கதையைக் கேட்டார்கள். கேட்டு முடித்ததும் எல்லாரும் ஒரே கேள்விக்குத்தான் வந்தார்கள்: அப்போ விலை கூடின கத்தி வாங்கறது வேஸ்ட்தானே? சமயத்துக்கு உதவினது எண்பது ரூபாய்தானே?

நான் அப்படி எழுத மாட்டேன். சால்வையை வெட்டியது எண்பது ரூபாய்க் கத்தி. என் விரலின் நரம்பை வெட்டியதும் அதுதான். பூட்டு உள்ள கத்தியாக இருந்தால் ஒரே இழுப்பில் வேலை முடிந்திருக்கும். அக்கா அத்தனை நேரம் மூச்சில்லாமல் கிடந்திருக்க மாட்டாள். வெட்டக் கூடாத நேரத்தில் வெட்டாமல் இருப்பதற்குத்தான் பணம் என்று தாடிக்காரர் சொன்னதில் தவறில்லை. நாலாயிரத்து எழுநூறு ரூபாய்க் கத்தியில் எந்தப் பழுதும் இருக்கவில்லை. அது என் கைக்கு வரவில்லை, அவ்வளவுதான். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இதைப் புரியவைப்பது கடினம். அலுவலகத்தில் ஒருவர் மட்டும் புரிந்துகொண்டார். அவரும் கரமனைக்காரர், எங்கள் வீடுகளின் வழக்கம் தெரிந்தவர். தன் மேஜையிலிருந்த கத்தரிக்கோலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எண்பது ரூபாய்க் கத்தியை அக்கா கழுவித் துடைத்துச் சமையலறை இழுப்பறையில் வைத்துவிட்டாள். அதன் ஆணியைச் சுற்றிக் கம்பளி இழைகள் சிக்கியிருந்தன. யாரும் அதை வெளியே எடுப்பதில்லை. அத்திம்பேர் கைபேசியில் கத்திகள் பார்ப்பதை நிறுத்திவிட்டார். பொன்முடிக்குப் போய்ச் சுவருக்குக் கீழே தேடிப் பார்க்கலாமே என்று யாரோ சொன்னபோது, "கிடக்கட்டும்," என்றார். வெறும் உறை மட்டும் வெகு நாள் அவர் பெல்ட்டில் இருந்தது.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா என்னை வரச் சொன்னாள். போனபோது மேஜைமேல் ஒரு பார்சல் பிரித்துக் கிடந்தது. அதே பெட்டி. அதே சாம்பல் நிறப் பிடி. வாங்கியது அவள். அத்திம்பேர் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு வந்து, அதைக் கண்டதும் அப்படியே நின்றார்.

"கையை நீட்டுங்கோ," என்றாள் அக்கா.

"அங்க வை. எடுத்துக்கறேன்."

"கையை நீட்டுங்கோன்னா."

"வேண்டாம்டி. சொன்னாக் கேளு. மேஜையில வை."

"சண்டை வந்தா வரட்டும். நீட்டுங்கோ."

அவள் கை நீண்டபடியே இருந்தது. அவர் துண்டில் கையைத் துடைத்தார். தேவைக்கு மேல் துடைத்தார். பிறகு நீட்டினார். அவள் கத்தியை அவர் உள்ளங்கையில் வைத்து, அவர் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள்.

அவர் அதைப் புரட்டிப் பார்த்தார். திறந்தார். 'டக்' என்றது.

"எவ்வளவு ஆச்சு?" என்றார்.

"அது எதுக்கு?"

"சொல்லு."

"அஞ்சாயிரத்து இருநூறு."

"அஞ்சாயிரத்து இருநூறா? ஐநூறு கூடக் குடுத்தியா? எந்த சைட்ல வாங்கினே? நான் வாங்கறச்சே கூப்பன் போட்டுன்னா வாங்கினேன்! எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

"உங்ககிட்டக் கேட்டா நீங்க எட்டு மாசம் பாப்பேள். நாலாயிரத்து எழுநூறைக் கொண்டுபோய்க் கொக்கைப் பள்ளத்துக்குள்ள போட்டேளே, அப்போ நான் ஒரு வார்த்தை கேட்டேனா? இப்போ ஐநூறு ரூபாய்க்கு..."

அந்த இடத்தில் அவள் குரல் அறுந்தது. முன்பெல்லாம் அக்கா சண்டை போட்டால் தெருக்கோடிவரை கேட்கும். இப்போது ஓர் உயரத்துக்கு மேல் ஏறுவதில்லை. ஏறப் பார்த்தால் காற்று மட்டும் வருகிறது. வாயைத் திறந்தபடி, கழுத்தில் இரண்டு விரல்களை வைத்துக்கொண்டு நின்றாள். எந்த இரண்டு விரல்கள் என்று நான் கவனித்தேன். அத்திம்பேரும் கவனித்தார்.

அவர் அதோடு நிறுத்திக்கொண்டார். பட்டையை அழுத்திக் கத்தியை மடக்கினார். வைக்க இடம் தேடுகிறவர்போல மேஜையைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, அதை என் கையில் கொடுத்தார். என் சுட்டுவிரல் இப்போது முழுதாக மடங்குவதில்லை. மற்ற விரல்களால் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.